தோல் வழியாகத் திரும்பிய ஈஸ்ட்ரோஜன்: ரத்த உறைவு அபாயத்தைக் குறைக்கும் முயற்சி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

புராஸ்டேட் புற்றுநோய் உள்ள ஆண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுப்பது ஒரு காலத்தில் உலகெங்கும் வழக்கத்தில் இருந்தது. புற்றுநோயைக் கட்டுப்படுத்திய அதே மாத்திரை மாரடைப்பாலும் ரத்த உறைவாலும் நோயாளிகளின் உயிரைப் பறிக்கிறது என்று 1960-களின் பிற்பகுதியில் தெரியவந்தபின், அந்தச் சிகிச்சை படிப்படியாகக் கைவிடப்பட்டது. ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து, பிரிட்டனில் 'பேட்ச்' என்று பெயரிடப்பட்ட மருத்துவ ஆய்வு அதே வகை ஹார்மோனைத் தோலில் ஒட்டும் பட்டையாகக் கொடுத்துப் பார்த்தது. 2021-இல் லான்செட் இதழில் வெளியான அதன் முடிவுகள், இதய ரத்தநாளப் பாதிப்புகள் வழக்கமான ஊசிச் சிகிச்சையில் உள்ள அளவிலேயே இருந்தன என்று காட்டின.

இந்த நிகழ்வை நான் விரிவாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஈஸ்ட்ரோஜனால் வரும் ரத்த உறைவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கருத்தடை மாத்திரையையும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் சிகிச்சையையும் சுற்றியே நடக்கிறது. அங்கே கிடைத்துள்ள ஆதாரங்களில் பெரும்பகுதி, யார் எந்த மருந்தை எடுத்தார்கள், யாருக்கு உறைவு வந்தது என்று பின்னோக்கிப் பார்த்துக் கணக்கிட்டவை. குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து, தோல்வழி ஈஸ்ட்ரோஜனை அதிக அளவில், பல ஆண்டுகள் கொடுத்து, இதய ரத்தநாள நிகழ்வுகளை ஒன்றுவிடாமல் எண்ணிய பெரிய ஆய்வு ஆண்களிடம்தான் நடந்திருக்கிறது. பெண்களிடம் ஊகமாக நின்ற ஒரு கருத்துக்கு ஆண்களிடமிருந்து வலுவான சான்று கிடைத்த அரிய நிகழ்வு இது.

1938-இல் வந்த இரண்டு மருந்துகள்

உடலில் இயல்பாகச் சுரக்கும் முதன்மையான ஈஸ்ட்ரோஜன் எஸ்ட்ரடயால். அதை விழுங்கினால் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், அங்கேயே பெரும்பகுதி சிதைந்துவிடும். எனவே வாய்வழி கொடுக்கத்தக்க ஈஸ்ட்ரோஜன் வேண்டுமானால், கல்லீரலால் எளிதில் அழிக்க முடியாத மூலக்கூறு வேண்டும் என்பதே அக்கால வேதியியலாளர்களின் குறிக்கோளாக இருந்தது. 1938-இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ராலை (சுருக்கமாக ஸ்டில்பெஸ்ட்ரால்) உருவாக்கினார்கள்; அதே ஆண்டில் பெர்லினில் ஷெரிங் நிறுவனத்தில் இன்ஹோஃபனும் ஹோல்வெக்கும் எத்தினைல் எஸ்ட்ரடயாலை உருவாக்கினார்கள். முதலாவது புராஸ்டேட் சிகிச்சைக்குப் போனது. இரண்டாவது, பின்னாளில் கருத்தடை மாத்திரைகளில் பெரும்பாலானவற்றின் ஈஸ்ட்ரோஜன் கூறாக ஆனது. கல்லீரலைத் தாக்குப்பிடிக்கும் திறன்தான் இரண்டையும் வெற்றிபெற வைத்தது; அந்தத் திறன்தான் பிற்காலச் சிக்கலுக்கும் வேராக இருந்தது.

1941-இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், விரைகளை அகற்றினாலோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ பரவிய புராஸ்டேட் புற்றுநோய் சுருங்குகிறது என்று காட்டினார். அந்தப் பணிக்காக 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈஸ்ட்ரோஜன் இங்கே வேலை செய்யும் விதம் எளிமையானது. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் உயர்ந்தால் மூளையடிச் சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் தூண்டுதலை நிறுத்திக்கொள்கிறது. விரைகள் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதை நிறுத்துகின்றன. டெஸ்டோஸ்டிரோனை நம்பி வளரும் புற்றுநோய் ஒடுங்குகிறது.

அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் கூட்டு ஆய்வுக் குழு 1960-இல் தொடங்கிய ஆய்வில் நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் ஸ்டில்பெஸ்ட்ரால் பெற்றவர்களிடம் புற்றுநோய் மரணம் குறைந்தது, ஆனால் இதய ரத்தநாள மரணம் கூடியது. ஒன்றில் கிடைத்ததை மற்றொன்றில் இழந்த இந்தக் கணக்கு 1967-இல் வெளியானது. அடுத்த ஆய்வில் 1 மில்லிகிராம் அளவே போதுமான பலன் தருவதாகவும் பாதிப்பு குறைவதாகவும் தெரிந்தது. அதே காலத்தில், மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு மாரடைப்பு அரிதாக வருவதைக் கண்டு, ஏற்கெனவே மாரடைப்பு வந்த ஆண்களுக்குக் குதிரை ஈஸ்ட்ரோஜன் (கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுப்பது) மாத்திரை கொடுத்துப் பார்த்த அமெரிக்கக் 'கரோனரி மருந்துத் திட்டம்' அந்த ஈஸ்ட்ரோஜன் பிரிவுகள் இரண்டையும் 1970-லும் 1973-லும் அடுத்தடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று.

1980-களில் லியூப்ரோலைடு போன்ற ஊசிகள் வந்தன. மூளையடிச் சுரப்பியை நேரடியாக அடக்கும் இவை ஸ்டில்பெஸ்ட்ராலுக்கு நிகராகப் புற்றுநோயைக் கட்டுப்படுத்தின, உறைவுப் பிரச்சினையும் குறைவாக இருந்தது. ஈஸ்ட்ரோஜன் ஓரங்கட்டப்பட்டது. ஆனால் இந்த மாற்றத்துக்கும் ஒரு விலை இருந்தது. ஆண் உடலில் எஸ்ட்ரடயால் டெஸ்டோஸ்டிரோனிலிருந்துதான் உருவாகிறது. ஊசி போட்டால் இரண்டும் சேர்ந்தே வீழ்கின்றன. எலும்பு தேய்கிறது, திடீரென்று உடல் சூடேறி வியர்த்துக் கொட்டுகிறது, ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் கெடுகின்றன. பல ஆண்டுகள் ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவர், புற்றுநோயிலிருந்து தப்பி இடுப்பெலும்பு முறிவில் படுக்கையில் விழுவது மருத்துவர்கள் நன்கறிந்த துயரம். ஈஸ்ட்ரோஜனை முற்றிலும் கைவிட்டிருக்கக்கூடாது என்ற எண்ணம் சிலரிடம் தொடர்ந்து இருந்ததற்கு இதுவே காரணம்.

கல்லீரலில் நடப்பது

ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தை உறையவைக்கும் பொருள் அன்று. ரத்த உறைதலுக்குத் தேவையான புரதங்களையும் அதைத் தடுக்கும் புரதங்களையும் பெரும்பாலும் உற்பத்தி செய்வது கல்லீரல். அந்தச் செல்களிலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இருக்கின்றன. அவை அதிகமாகத் தூண்டப்படும்போது ஃபைப்ரினோஜன், காரணி 7, காரணி 10 போன்ற உறைவுப் புரதங்கள் கூடுகின்றன. உறைவைத் தடுக்கும் ஆன்டித்ராம்பினும் புரதம் எஸ்-உம் குறைகின்றன. ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே பார்த்தால் சிறியதே. எல்லாம் ஒரே திசையில் சாய்வதுதான் ஆபத்து.

இந்தச் சாய்வை அளக்க உதவும் சோதனை ஒன்று உண்டு. நம் உடலில் உறைதலுக்குக் கடிவாளம் போடும் பொருள்களில் ஒன்று, செயலூக்கம் பெற்ற புரதம் சி. ஆய்வகத்தில் ஒருவரின் ரத்தத் திரவத்தை எடுத்து, உறைதலைத் தூண்டிவிட்டு, உறைவை உண்டாக்கும் நொதியான த்ராம்பின் எவ்வளவு உண்டாகிறது என்று அளக்கிறார்கள். பிறகு புரதம் சி சேர்த்து மறுபடி அளக்கிறார்கள். கடிவாளம் சரியாக வேலை செய்தால் த்ராம்பின் வெகுவாகக் குறைய வேண்டும். எத்தினைல் எஸ்ட்ரடயால் உள்ள கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களின் ரத்தத்தில் அது எதிர்பார்த்த அளவுக்குக் குறைவதில்லை. நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் நகர ஆய்வாளர்கள் 1990-களில் விரிவாக நிறுவிய இந்த அளவீடு, புதிய ஈஸ்ட்ரோஜன்களை எடைபோட இன்றும் பயன்படுகிறது. 'காரணி 5 லைடன்' என்ற மரபணு மாற்றத்துடன் பிறந்தவர்களின் ரத்தமும் இதே கடிவாளத்துக்குக் கட்டுப்படுவதில்லை. அப்படிப்பட்ட ஒரு பெண் கருத்தடை மாத்திரையும் எடுத்தால், இரண்டும் இல்லாத பெண்ணைவிட உறைவு அபாயம் 30 மடங்குக்கும் மேல் உயர்கிறது என்று லைடன் நகர ஆய்வாளர்கள் 1994-இல் கண்டார்கள்.

இப்போது கொடுக்கும் வழியைப் பார்க்கலாம். 1 மில்லிகிராம் எஸ்ட்ரடயால் மாத்திரையை விழுங்குபவரின் ரத்தத்தில் கிடைக்கும் அளவை, நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம் விடும் ஒட்டுப்பட்டை கொண்டே ஏறத்தாழ எட்டிவிடலாம். அதாவது 20-இல் ஒரு பங்கு மருந்து போதும். மீதி 19 பங்கும் குடலிலும் கல்லீரலிலும் உருமாறுவதற்காகவே விழுங்கப்படுகிறது. அந்த முதல் சுற்றில் உடலின் வேறெந்த உறுப்பும் காணாத செறிவைக் கல்லீரல் காண்கிறது. தோல் வழியாகப் போகும் மருந்து பொது ரத்த ஓட்டத்தில் கலந்து நீர்த்த பிறகே கல்லீரலை அடைகிறது. எஸ்ட்ரடயால் குடலிலும் கல்லீரலிலும் உருமாறிக் கிடைக்கும் வலுக்குறைந்த ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ரோனின் அளவு மாத்திரை எடுப்பவரின் ரத்தத்தில் எஸ்ட்ரடயாலைப்போல் ஐந்து மடங்கு வரை இருப்பதும், ஒட்டுப்பட்டை போட்டவரிடம் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருப்பதும் இந்த வேறுபாட்டின் தடயமே.

பெண்களிடமிருந்து வந்த சான்றும், ஒரு தவறான எதிர்பார்ப்பும்

1961-இல் சஃபோக்கைச் சேர்ந்த மருத்துவர் ஜோர்டன், எண்டோமெட்ரியோசிஸ் என்ற கருப்பை சார்ந்த நோய்க்காக, தொடக்ககாலக் கருத்தடை மாத்திரையான எனாவிட் எடுத்த ஒரு செவிலியருக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் உறைவு ஏற்பட்டதை லான்செட்டுக்குக் கடிதமாக எழுதினார். 1970-இல் இன்மன், வெஸ்ஸி ஆகியோரும் ஸ்காண்டிநேவிய ஆய்வாளர்களும் பிரிட்டன், ஸ்வீடன், டென்மார்க் நாடுகளின் பதிவுகளைத் திரட்டி, ஈஸ்ட்ரோஜன் அளவு 50 மைக்ரோகிராமைத் தாண்டும் மாத்திரைகளில் உறைவு அதிகம் என்று காட்டினார்கள். அதன்பின் அளவு 50-க்கும், பிறகு 30, 20-க்கும் இறங்கியது. அபாயம் குறைந்தது, மறையவில்லை. ஐரோப்பிய மருந்து முகமையின் 2013 மதிப்பீட்டின்படி, மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 2 பேருக்கு உறைவு வருகிறது என்றால், லெவோநார்ஜெஸ்ட்ரெல் கலந்த மாத்திரையில் அது 5 முதல் 7, ட்ரோஸ்பிரினோன் அல்லது டெசோஜெஸ்ட்ரெல் கலந்ததில் 9 முதல் 12. உடன் சேர்க்கப்படும் புரோஜெஸ்டின் (புரோஜெஸ்டரோனைப்போல் செயல்படும் செயற்கை ஹார்மோன்; மேலே பெயர் சொன்ன மூன்றும் இவ்வகையே) எது என்பதும் கணக்கில் வருகிறது.

கல்லீரல்தான் காரணம் என்றால், எத்தினைல் எஸ்ட்ரடயாலையும் தோல் வழியாகக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்று தோன்றும். அமெரிக்காவில் 2001-இல் அனுமதி பெற்ற எவ்ரா கருத்தடை ஒட்டுப்பட்டை அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியது. 35 மைக்ரோகிராம் மாத்திரை எடுப்பவரைவிட அதைப் பயன்படுத்துபவரின் உடல் ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதல் ஈஸ்ட்ரோஜனை எதிர்கொள்கிறது என்று 2005-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை சேர்த்தது. 2012-இல் வெளியான டென்மார்க் நாடு தழுவிய ஆய்வில், ஹார்மோன் கருத்தடை எதையும் பயன்படுத்தாதவர்களோடு ஒப்பிட, ஒட்டுப்பட்டை பயன்படுத்தியவர்களிடம் உறைவு 7.9 மடங்காகவும், பிறப்புறுப்பில் வைக்கும் வளையத்தில் 6.5 மடங்காகவும் இருந்தது.

இதன் காரணம் மூலக்கூறிலேயே இருக்கிறது. எஸ்ட்ரடயாலின் 17-ஆம் கார்பனில் சேர்க்கப்பட்ட எத்தினைல் தொகுதி, அதைச் செயலிழக்கச் செய்யும் நொதியை நெருங்கவிடாமல் தடுக்கிறது. அந்த மருந்து எந்த வழியாக உள்ளே நுழைந்தாலும் ரத்தத்தோடு மீண்டும் மீண்டும் கல்லீரலுக்குள் வந்து, அழியாமல் நின்று, ஏற்பிகளைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. வழியை மாற்றினால் மட்டும் போதாது. கல்லீரல் எளிதில் செயலிழக்கச் செய்யக்கூடிய மூலக்கூறாகவும் இருக்க வேண்டும். ஒட்டுப்பட்டை என்றாலே பாதுகாப்பு என்று பொதுவாகச் சொல்லும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குக் கவலை எழுகிறது, ஏனென்றால் அந்தச் சொற்றொடர் எஸ்ட்ரடயாலுக்கு மட்டுமே பொருந்துவது.

மாதவிடாய் நின்ற பெண்களிடம் சான்று பிரான்சிலிருந்து வந்தது. அங்கே எஸ்ட்ரடயால் களிம்பும் ஒட்டுப்பட்டையும் நெடுங்காலமாகப் பரவலான புழக்கத்தில் இருந்ததால் மாத்திரையோடு ஒப்பிட முடிந்தது. குதிரை ஈஸ்ட்ரோஜன் மாத்திரையே கோலோச்சிய அமெரிக்காவில் அந்த ஒப்பீட்டுக்கு அப்போது வாய்ப்பு குறைவு. ஸ்கராபன், கனோனிகோ முதலானோரின் 'எஸ்தர்' ஆய்வு 2007-இல் வெளியிட்ட முடிவின்படி, வாய்வழி ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களிடம் உறைவு வாய்ப்பு 4.2 மடங்கு, தோல்வழி எடுத்தவர்களிடம் 0.9, அதாவது எடுக்காதவர்களின் அளவே. 2019-இல் பிரிட்டனில் 80,000-க்கும் மேற்பட்ட உறைவு நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு வினோகிராடோவா குழு செய்த ஆய்விலும் மாத்திரைக்கு 1.58, தோல்வழிக்கு 0.93 என்றே வந்தது.

இவை வலுவான எண்கள்தாம். இருந்தாலும் யாருக்கு மாத்திரை, யாருக்கு ஒட்டுப்பட்டை என்று முடிவு செய்தது மருத்துவரும் நோயாளியும், குலுக்கல் இல்லை. உடல் பருமன், குடும்ப வரலாறு, புகைப்பழக்கம் எல்லாம் அந்த முடிவுக்குள் கலந்திருக்கும். 16,608 பெண்களை உள்ளடக்கி, 2002-இல் இடைநிறுத்தப்பட்ட அமெரிக்க 'பெண்கள் நல முன்னெடுப்பு' ஆய்வு குலுக்கல் முறையில் நடந்தது என்றாலும் அது சோதித்தது மாத்திரையை மட்டுமே. அதில் 10,000 பேருக்கு ஆண்டுக்கு 16 என்றிருந்த உறைவு 34 ஆனது. தோல்வழிக்கு அத்தகைய ஆய்வு பெண்களிடம் நடக்கவில்லை.

பேட்ச் ஆய்வு

ஸ்வீடன் மருத்துவர்கள் 1980-களிலிருந்தே, புராஸ்டேட் நோயாளிகளுக்கு பாலிஎஸ்ட்ரடயால் பாஸ்பேட் என்ற ஊசியைத் தசையில் போட்டு, கல்லீரலின் முதல் சுற்றைத் தவிர்த்து வந்தார்கள். ஸ்காண்டிநேவியக் கூட்டு ஆய்வில் இந்த ஊசி பெற்றவர்களும் வழக்கமான ஹார்மோன் ஒடுக்கம் பெற்றவர்களும் ஒரே அளவு காலம் உயிர் வாழ்ந்தார்கள். லண்டனில் பால் ஏபலின் குழு 2003-இல் 20 நோயாளிகளுக்கு எஸ்ட்ரடயால் ஒட்டுப்பட்டை கொடுத்து, டெஸ்டோஸ்டிரோன் தேவையான அளவுக்கு விழுகிறது, எலும்பின் அடர்த்தி கூடுகிறது என்று பதிவு செய்தது. பெரிய ஆய்வைத் தொடங்க இதுவே துணிவளித்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உள்ள மருத்துவ ஆய்வு மன்றப் பிரிவில் ரூத் லாங்லி அதற்குத் தலைமை ஏற்றார்.

பயன்படுத்தியது மாதவிடாய் நின்ற பெண்களுக்கென்று கடைகளில் ஏற்கெனவே கிடைத்த ஒட்டுப்பட்டையே. நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் விடும் பட்டைகள் நான்கை ஒரே நேரத்தில் ஒட்டி, வாரம் இருமுறை மாற்ற வேண்டும். நான்கு வாரங்களில் டெஸ்டோஸ்டிரோன் போதிய அளவு இறங்கிவிட்டால் மூன்றாகக் குறைக்கலாம். ஒரு பெண்ணுக்கு வழக்கமாகத் தரும் அளவைப்போல் பல மடங்கு இது. உறைவு அபாயம் தோல்வழியில் மறைந்துதான் இருக்கிறது, அளவு கூடினால் வெளிப்படும் என்று வாதிடுவோருக்கு, அந்த வாதத்தைச் சோதிக்க இதைவிடக் கடுமையான சூழல் கிடைப்பது அரிது. பங்கேற்றவர்கள் வயது முதிர்ந்த ஆண்கள், புற்றுநோய் உள்ளவர்கள்; அந்த இரண்டுமே தம்மளவில் உறைவுக்குக் காரணமாகக் கூடியவை.

பழைய அனுபவத்தின் நிழல் ஆய்வின் அமைப்பிலேயே தெரிகிறது. புற்றுநோய் கட்டுப்படுகிறதா என்று கேட்பதற்கு முன், இதயத்துக்கும் ரத்தநாளத்துக்கும் பாதுகாப்பானதா என்று முதல் கட்டத்தில் கேட்டார்கள். 254 பேரைக் கொண்ட அந்தக் கட்டத்தின் முடிவு 2013-இல் வந்தது: மூன்று மாதங்களில் ஊசி பெற்றவர்களில் 93 விழுக்காட்டினரிடமும் ஒட்டுப்பட்டை பெற்றவர்களில் 92 விழுக்காட்டினரிடமும் டெஸ்டோஸ்டிரோன் விரை நீக்க அளவுக்கு இறங்கியிருந்தது, இதய ரத்தநாள நிகழ்வுகள் எச்சரிக்கை எல்லையைத் தாண்டவில்லை. பிறகே ஆய்வு விரிந்தது. 2019 வரை 1,694 பேர் சேர்க்கப்பட்டார்கள்.

2021 அறிக்கையில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, ரத்த உறைவு ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஊசியோடு ஒப்பிட்ட அபாய விகிதம் 1.11 என்று வந்தது. உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வீச்சைக் காட்டும் நம்பக எல்லை 0.80 முதல் 1.53 வரை; சமம் என்பதைக் குறிக்கும் 1 அதற்குள் அடங்குகிறது. இரண்டு சிகிச்சைகளுக்கும் இடையே வேறுபாடு நிறுவப்படவில்லை. இந்த அறிக்கையில் என் கவனத்தை மிகவும் ஈர்த்த செய்தி இன்னொன்று. ஒட்டுப்பட்டைக் குழுவில் பதிவான 89 நிகழ்வுகளில் 30, பட்டையை நிறுத்தி அல்லது ஊசிக்கு மாறி மூன்று மாதங்களுக்கு மேல் ஆன பிறகு நேர்ந்தவை. குலுக்கலில் யார் எந்தக் குழுவில் விழுந்தாரோ அந்தக் குழுவின் கணக்கில்தான் அவருடைய நிகழ்வைச் சேர்க்க வேண்டும் என்பது ஆய்வின் ஒழுங்கு. அதை மீறாமல் 1.11 என்று அறிவித்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு நிகழ்வுகள் நடந்தபோது மருந்தே உடலில் இல்லை என்பதையும் தனியே எடுத்துச் சொன்னார்கள். இந்த நேர்மை எனக்கு அந்த எண்ணைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஊசி பெற்றவர்களிடம் எலும்பு அடர்த்தி குறைய, ஒட்டுப்பட்டை பெற்றவர்களிடம் அது கூடியது. 2024-இல் ஐரோப்பியப் புற்றுநோயியல் மாநாட்டில் வைக்கப்பட்ட முடிவுகளில், உடலின் பிற பகுதிகளுக்குப் பரவாத நோயுள்ள ஆண்களிடம் மூன்றாண்டு முடிவில் பரவலின்றி உயிரோடு இருந்தவர்கள் இரு குழுக்களிலும் ஏறத்தாழ 87, 86 விழுக்காடு. சூடேறி வியர்ப்பது ஊசியில் 89 விழுக்காட்டினருக்கும் ஒட்டுப்பட்டையில் 44 விழுக்காட்டினருக்கும் வந்தது. எதிர்ப்பக்கம், மார்பு வீக்கம் ஒட்டுப்பட்டையில் 85 விழுக்காடு, ஊசியில் 42. ஒரு ஆணுக்கு மார்பு பெருப்பது எவ்வளவு மன உளைச்சல் தரும் என்பதை எண்ணிக்கை சொல்லாது. தேர்வு நோயாளியினுடையதாக இருக்க வேண்டும்.

இந்த ஆய்வின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். ஒப்பீடு ஊசியோடு நடந்தது, மருந்தற்ற மாத்திரையோடு அன்று. ஊசியே இதயத்துக்குச் சிறிது தீங்கு செய்தால், அதற்குச் சமம் என்பது தீங்கே இல்லை என்று ஆகாது. வாய்வழி எஸ்ட்ரடயாலோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கவும் இல்லை. இருந்தும், ஸ்டில்பெஸ்ட்ரால் காலத்தில் கண்ணெதிரே தெரிந்த பேரிடர் இங்கே நிகழவில்லை என்பது உறுதி.

இந்தச் சான்று எட்டும் இடங்கள்

திருநங்கையருக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. ஆம்ஸ்டர்டாமில் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ரடயால் பெற்றுவந்த திருநங்கையரிடம் உறைவு நோய் எதிர்பார்த்ததைப்போல் 45 மடங்கு இருந்தது என்று 1989-இல் பதிவானது. அதன்பின் 40 வயது கடந்தவர்களுக்குத் தோல்வழி எஸ்ட்ரடயால் கொடுக்கத் தொடங்கினார்கள். 2003-இல் டூரியன்ஸ் குழு காட்டியபடி, புரதம் சி கடிவாளத்தைத் தளர்த்தும் விளைவு எத்தினைல் எஸ்ட்ரடயாலில் மிகப் பெரிது, எஸ்ட்ரடயாலில் சிறிது. தமிழ்நாட்டிலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் திருநங்கையர் பலர் மருத்துவரை அணுக முடியாமலோ அணுகத் தயங்கியோ கருத்தடை மாத்திரைகளைத் தாமே வாங்கி, நாளொன்றுக்குப் பல என்ற கணக்கில் விழுங்குவது அறியப்பட்ட உண்மை. அரசு இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரை ஒவ்வொன்றிலும் இருப்பது 30 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ரடயால். மூன்று நான்கு விழுங்கினால் ஆம்ஸ்டர்டாமின் அந்தப் பழைய அளவு வந்துவிடுகிறது. காலில் ஒருபக்க வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறலும், நெஞ்சு வலியும் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற செய்தியும், எஸ்ட்ரடயாலை மருத்துவக் கண்காணிப்பில் பெறும் வழியும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளின் பாலின மாற்றச் சிகிச்சைப் பிரிவுகள் இதை முதல் கடமையாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கருத்தடையில் நிலைமை கடினமானது. எஸ்ட்ரடயாலை மட்டும் வைத்து மாத்திரை செய்தால் மாதவிடாய்க்கிடையே ரத்தக்கசிவு கட்டுக்குள் வருவதில்லை என்பது நெடுங்காலத் தடையாக இருந்தது. பொருத்தமான புரோஜெஸ்டினோடு சேர்த்து அதைத் தாண்டிய மாத்திரைகள் 2009-லும் 2011-லும் ஐரோப்பாவில் வந்தன. அடுத்து வந்தது எஸ்டெட்ரால். கருவிலிருக்கும் குழந்தையின் கல்லீரல் மட்டுமே உருவாக்கும் இந்த ஈஸ்ட்ரோஜனை ஸ்டாக்ஹோமில் எகோன் டிட்ஸ்ஃபாலுசி 1965-இல் கண்டறிந்தார். பல பத்தாண்டுகள் ஒரு புதிராகக் கிடந்த இந்தப் பொருள், 15 மில்லிகிராம் அளவில் ட்ரோஸ்பிரினோனோடு சேர்ந்து 2021-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. புரதம் சி சோதனையில் ஆறு சுழற்சிகளுக்குப் பின் இந்த மாத்திரை 30 விழுக்காடு மாற்றத்தை உண்டாக்கியது. எத்தினைல் எஸ்ட்ரடயாலும் லெவோநார்ஜெஸ்ட்ரெலும் கலந்தது 165 விழுக்காடு, அதே ட்ரோஸ்பிரினோனோடு எத்தினைல் எஸ்ட்ரடயால் கலந்தது 219 விழுக்காடு. கடைசி இரண்டு எண்கள் உணர்த்துவது முக்கியமானது: எத்தினைல் எஸ்ட்ரடயாலின் தாக்கத்தை லெவோநார்ஜெஸ்ட்ரெல் ஓரளவு தணிக்கிறது, ட்ரோஸ்பிரினோன் தணிப்பதில்லை. தணிக்கும் துணையின்றியே எஸ்டெட்ரால் இவ்வளவு குறைந்த மாற்றத்தைக் காட்டியிருக்கிறது.

ஆனாலும் ஆய்வகக் குறியீடு நோயன்று. அனுமதிக்கு முந்தைய இறுதிக்கட்ட ஆய்வுகளில் 3,400-க்கும் மேற்பட்ட பெண்கள் இந்த மாத்திரையை எடுத்தார்கள்; ஒருவருக்கு உறைவு வந்தது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் மாத்திரையையே அவர்கள் ஓராண்டு எடுத்திருந்தாலும், 10,000-க்கு 6 என்ற கணக்கில், 2 பேருக்கு மட்டுமே வந்திருக்கும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து எதையும் நிறுவ முடியாது. விலங்குச் சோதனையும் இங்கே கைகொடுக்காது: எலிகளுக்குத் தொடர்ந்து எஸ்ட்ரடயால் கொடுத்தால் ரத்தத் தட்டுகளின் செயல் மந்தமாகி, அவை உறைவிலிருந்து பாதுகாக்கப்படுகின்றன என்று துலூஸ் நகர ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மனிதரில் நடப்பதற்கு நேர் எதிரானது இது.

அதனால்தான் இத்தகைய மருந்துகளுக்கு, விற்பனைக்கு வந்த பிறகு பல்லாயிரம் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடரும் கண்காணிப்பு ஆய்வுகள் தேவைப்படுகின்றன. எஸ்ட்ரடயால் வேலரேட் மாத்திரைக்கு ஏறத்தாழ 50,000 பெண்களையும், எஸ்ட்ரடயாலும் நோமெஜெஸ்ட்ரால் அசிடேட்டும் கலந்த மாத்திரைக்கு 1,00,000-க்கும் மேற்பட்ட பெண்களையும் பின்தொடர்ந்த பிறகே, லெவோநார்ஜெஸ்ட்ரெல் மாத்திரையைவிட அவற்றின் உறைவு அபாயம் கூடுதல் இல்லை, குறைவாகவும் இருக்கலாம் என்று சொல்ல முடிந்தது. எஸ்டெட்ராலையும் அதே அளவுகோலில்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த எண்கள் வரும்வரை, முன்பு உறைவு வந்தவர்களுக்கும் மரபுவழி உறைவுக் கோளாறு உள்ளவர்களுக்கும் மற்ற கூட்டு மாத்திரைகளைப் போலவே எஸ்டெட்ரால் மாத்திரையும் தவிர்க்கப்பட வேண்டிய ஒன்றாகவே அனுமதிச் சீட்டில் குறிக்கப்பட்டிருக்கிறது.